அனுமதிக்கு அப்பால் நாற்பது மீட்டர்

எங்கள் ஊரில் சினிமா எடுக்க வருகிறவர்கள் ஹோட்டலில் பெட்டியை இறக்குவதற்கு முன்பே தோப்ரின்கா அக்காவைத் தேடி வருவார்கள். டான்யூப் கரையில் பழைய துறைமுகம், பூவேலை முகப்புகளோடு நாலைந்து தெருக்கள், உயரமான கூரை போட்ட ரயில் நிலையம் என்று எங்கள் ஊர் எந்த ஊராகவும் வேஷம் போடும். ஒரு படத்தில் வியன்னா, இன்னொன்றில் ஒடெஸ்ஸா. வேஷம் போட வைக்க எத்தனையோ பேர் வருவார்கள். அதற்கு அனுமதிச் சீட்டும் காப்பீட்டுத் தாளும் வாங்கிக் கொடுக்க இவர் ஒருவர்தான். பத்தொன்பது வருடம் அந்த வேலையைச் செய்தார். அதில் பதினோரு வருடம் அவரை அலுவலகம் அலுவலகமாக ஏற்றிக்கொண்டு போனது என் வேன். என் பெயர் மெத்தோதி.

அவர் சினிமாவுக்கு வந்தது தற்செயலாகத்தான். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. ஆட்குறைப்பு வந்தபோது பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "கேட்ட ரெண்டு பேரும் குடிச்சிட்டுக் கேட்டாங்க" என்பார். அடுத்த வருடம் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்து சுங்கத் தெருவில் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். யாரிடம் கேட்பது என்று நகராட்சிக்கே தெரியவில்லை. யாரோ இவர் வீட்டுக்கு வழி காட்டிவிட்டார்கள்.

அக்கா சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து விரலை வைத்துச் சொன்னாராம்: "நடைபாதை நகராட்சியோடது. மேல போற ட்ராலிபஸ் கம்பி போக்குவரத்துக் கழகத்தோடது. மரம் பூங்காத் துறைக்கு. அந்த மூணாவது வீட்டு முகப்பு பழமைச் சின்னம், அதுக்குத் தலைநகரம் சோஃபியாவுல கேக்கணும். இந்தச் சாக்கடை மூடி யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. ரெண்டு நாள் குடுங்க, கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

கண்டுபிடித்துச் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு அதுவே வேலை.

நகராட்சியில் பொது இடங்களைப் பயன்படுத்த அனுமதி தருகிற பிரிவில் ஸ்தாங்கா அக்கா இருந்தார். குள்ளமான உருவம், கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடி, மேஜையில் எப்போதும் ஒரு கள்ளிச்செடி. தோப்ரின்கா அக்காவைவிட நாலு வயது மூத்தவர். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஆனால் ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுவிட்டால் பரம விரோதிகள்.

"தீ இல்லைன்னு எழுதியிருக்க. கதையில சிகரெட் பிடிக்கிறானா இல்லையா?"

"ஒரே ஒரு சிகரெட், ஸ்தாங்கா."

"அப்ப தீ இருக்குன்னு எழுது. இன்சூரன்ஸ் தாள்லயும் தீ இருக்கணும். போயிட்டு வா."

"மூணு மாடி ஏறி வந்திருக்கேன்டி."

"இறங்குறது சுலபம்."

போய் மாற்றி எழுதிக்கொண்டு வருவார். காப்பீட்டுத் தாள் வராமல் ஸ்தாங்கா அக்கா ஒரு கையெழுத்தும் போட்டதில்லை. தோப்ரின்கா அக்காவும் ஒரு நாளும் போடச் சொல்லிக் கேட்டதில்லை. நாள், நேரம், இடம், ஆள் எண்ணிக்கை, புகை உண்டா, குதிரை உண்டா, உயரத்தில் ஏறுவார்களா, எல்லாம் இரண்டு தாளிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் மடியில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார். வேலை முடிந்ததும் இருவரும் நகராட்சிக்கு எதிரே இருக்கிற கடையில் பானித்சா என்கிற பாலாடைக்கட்டி அப்பமும் போசா என்கிற புளிப்புப் பானமும் வாங்கி, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஸ்தாங்கா அக்காவின் தாயார் படுத்த படுக்கையாக இருந்தார். அந்தக் கவலையை அவர் வேறு யாரிடமும் சொல்லி நான் பார்த்ததில்லை.

கிரில் லைட்மேன். முப்பத்து நாலு வயது, கதவை அடைக்கிற உடம்பு, சின்னப் பிள்ளையின் சிரிப்பு. அவன் எங்களுக்கு நெருக்கமானது ஒரு பழங்காலப் படத்தின்போது. எங்கள் ஊரில் ஒருவர் செத்துப்போனால் படம் போட்ட அஞ்சலித் தாளை வீட்டுக் கதவிலும் பக்கத்து மரத்திலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, வருடா வருடம் ஒன்று. அந்தத் தெருவில் மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தது. கதை நூறு வருடத்துக்கு முன்னால் நடப்பது. "கிழிச்சுப் போடுங்க" என்றான் தயாரிப்பு நிர்வாகி வெலிஸார்.

"கதவு வீட்டுக்காரங்களோடது, மரம் பூங்காத் துறையோடது, தாள் செத்தவங்களோடது" என்றார் அக்கா. வீடு வீடாக ஏறினார். ஒவ்வொரு குடும்பத்திடமும் எழுதி வாங்கினார். யாருடைய தாள் எந்தக் கதவில் எந்த உயரத்தில் இருந்தது என்று வரைந்து வைத்துக்கொண்டார். கிரில் வெந்நீர் வைத்து ஒவ்வொன்றாக நோகாமல் உரித்துக் கொடுத்தான். ஷூட்டிங் முடிந்த அன்று சாயங்காலம் இருவருமாகத் திரும்ப ஒட்டினார்கள்.

"அக்கா, எனக்கும் ஒரு அனுமதி வாங்கிக் குடேன். ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கப் போகணும், இல்யானா விட மாட்டேங்கிறா."

"இல்யானாகிட்டயா? சோஃபியா வரைக்கும் போனாலும் கிடைக்காது தம்பி."

இல்யானா அவன் மனைவி. தையல் தொழிற்சாலையில் வேலை. அவர்களுக்கு வியாரா என்று ஒரு பெண், அப்போது ஏழு வயது. அந்த வருடம் கிரிலின் பெயர் நாளுக்கு, அவன் பெயர் கொண்ட புனிதரின் திருநாளுக்கு, அவர்கள் வீட்டுக்கு அக்காவும் நானும் போனோம். வியாரா அக்காவின் சிவப்புப் பென்சிலை எடுத்து மேஜை விரிப்பில் கோடு போட்டாள். இல்யானா அடிக்கக் கை ஓங்கினாள். "விடு, எல்லை போடறா" என்றார் அக்கா.

அதற்கடுத்த நவம்பரில்தான் அந்தப் படம் வந்தது. பழைய சரக்குத் துறையில் ஒருவன் படகிலிருந்து இறங்கி நடந்து வருகிற காட்சி. அக்கா துறைமுகப் பொறியாளரை அழைத்துக்கொண்டு போய் இடத்தை அளந்தார். சரக்கு ஏற்றுகிற இரண்டாவது கிரேன் வரைக்கும் கான்கிரீட், உறுதியாக இருந்தது. அதற்கு அப்பால் சுவரை ஒட்டி ஒரு ஒடுக்கமான கான்கிரீட் பாதை, அதற்கு முன்னால் ஆற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புத் தளம். பொறியாளர் ஒரு கல்லை எடுத்துத் தளத்தின் மேல் போட்டார். துருப் பொடி உதிர்ந்தது. "கிரேனோட நிறுத்திக்கங்கம்மா" என்றார். அதைக் கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார்.

அக்கா வரைபடத்தில் இரண்டாவது கிரேனில் சிவப்புக் கோடு போட்டார். அதே கோடு காப்பீட்டுத் தாளிலும் ஏறியது. ஸ்தாங்கா அக்கா கையெழுத்துப் போட்டார். அந்தப் படத்தின் கம்பெனியை நடத்தியதும் வெலிஸார்தான்; பொறியாளரின் கடிதம் அவனுக்குப் போனது. 'பார்த்தேன்' என்று அவன் பதில் அனுப்பினான். முதல் நாள் காலையில் அக்கா யூனிட் முழுவதையும் நிற்க வைத்து எல்லையைப் படித்துக் காட்டினார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மறுநாள் தெரு மூடுவதற்கான தாளைக் கொடுக்க நாங்கள் காவல் நிலையத்து வாசலில் வேனில் காத்திருந்தோம். அக்காவின் போன் அடித்தது. வெலிஸார். அவன் குரல் பெரியது, பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"அக்கா, ஆத்து மேல பனி எறங்கியிருக்கு, இந்த மாதிரி வராது. கிரேன் ஃப்ரேம்ல இடிக்குது. நாப்பது மீட்டர் தள்ளிப் போறோம். டைரக்டர் கேக்கிறார்."

"முடியாது. கோடு கிரேனோட முடியுது."

"பத்தே நிமிஷம் அக்கா. ஒரு ஷாட்."

"நகராதீங்க. ஸ்தாங்காகிட்ட கேட்டுச் சொல்றேன்."

ஸ்தாங்கா அக்காவை அழைத்தார். அவர் எடுத்தார். "அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன், பேரைக் கூப்பிடறாங்க. அரை மணி கழிச்சுப் பேசறேன்" என்று வைத்துவிட்டார். என்ன விஷயம் என்று சொல்லக்கூட அக்காவுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வைத்த கையோடு வெலிஸார் மறுபடி அழைத்தான். "அரை மணியா? அதுக்குள்ள பனி போயிடும். அக்கா, பத்தொம்போது வருஷமா இந்த ஆத்தைப் பாக்கிறீங்க. உங்களுக்குத் தெரியாததா? நீங்க சொன்னாப் போதும்."

அக்கா வண்டிக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். அன்று அவருக்கு முந்தின நாளிலிருந்தே காய்ச்சல். சலித்துப்போயிருந்தார் என்று நினைக்கிறேன். நான் அவருக்காக ஒரு சாக்குத் தேடுகிறேன்; அவர் ஒருபோதும் தேடவில்லை.

"சுவரை ஒட்டி கான்கிரீட்ல மட்டும் நில்லுங்க. இரும்பு மேல ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. பத்து நிமிஷம்தான்."

"தங்கம் அக்கா நீங்க!"

போனை மடியில் வைத்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. "மெத்தோதி, வண்டியை எடு. நாம அங்க இருக்கணும்" என்றார்.

பன்னிரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். தூரத்திலிருந்தே கூச்சல் கேட்டது. கான்கிரீட்டில் நின்று முகத்துக்கு வெளிச்சம் போட முடியவில்லை என்று, ஒரு விளக்கை மட்டும் இரும்புத் தளத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிரில் ஸ்டாண்டைத் தோளில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான். மூன்றாவது அடியில் தளம் விட்டுவிட்டது. இடுப்பில் கருவிப் பட்டை, மேலே கனத்த கோட்டு, நவம்பர் மாதத்துத் தண்ணீர். பனியில் அவன் எந்தப் பக்கம் போனான் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஒன்பது கிலோமீட்டர் கீழே மீனவர்கள் கண்டெடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த வாரமே காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. விபத்து அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே நடந்திருப்பதால் பொறுப்பேற்க முடியாது என்று இரண்டே வரி. கூடவே அக்காவின் வரைபடத்தின் நகல், சிவப்புக் கோட்டோடு.

வெலிஸார் அக்கா வீட்டுக்கு வந்தான். நான் மருந்து வாங்கிக் கொடுக்கப் போயிருந்தேன். அவன் என்னைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. அன்று வேனில் நானும் இருந்தேன் என்பது அவனுக்குத் தெரியும்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. அன்னைக்குக் காலையில நீங்க ஸ்தாங்காவைக் கூப்பிட்டீங்க, அவங்க எடுத்தாங்க. போன் கணக்குல இருக்கு. அவங்க வாய்மொழியா சரின்னு சொன்னாங்கன்னு நீங்க சொன்னா, எல்லை நீண்டதாயிடும். இன்சூரன்ஸ் குடுத்தே ஆகணும். இல்யானாவுக்குக் கிடைக்கும், குழந்தைக்குக் கிடைக்கும்."

"ஸ்தாங்காவுக்கு?"

"அவங்க நகராட்சி. நகராட்சிக்கு என்ன ஆயிடும்?"

"நகராட்சியைக் கேக்கலை. ஸ்தாங்காவைக் கேட்டேன்."

அவன் தோளைக் குலுக்கினான். "வேலை போகும். ஒருவேளை வழக்கு வரும். அக்கா, செத்தவன் நம்ம கிரில்."

"இரும்பு மேல கால் வைக்க வேண்டாம்னு நான் சொன்னேனா இல்லையா, வெலிஸார்?"

"சொன்னீங்க. அதுக்கு முன்னாடி போங்கன்னும் சொன்னீங்க."

அக்கா போய்க் கதவைத் திறந்துவிட்டார். அவன் போன பிறகும் கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றார்.

இரண்டு நாளில் ஸ்தாங்கா அக்காவே வந்தார்; அன்றும் நான் அங்கே இருந்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெலிஸார் என்னையும் பாத்தான். நான் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டுதான் வரேன், தோப்ரின்கா. குழந்தை அப்பாவோட செருப்பைப் போட்டுக்கிட்டு வீடு பூரா நடக்குது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொன்னேன்னு சொல்லிடு. நானும் ஆமான்னு சொல்றேன். இன்னும் ஒண்ணரை வருஷத்துல ஓய்வு. தூக்கிலயா போடப் போறாங்க?"

"நீ சொல்லலையே."

"சொல்லலை. சொன்னதா வச்சுக்கோ."

"உன் அம்மாவை யாரு பாப்பா? ஜெயிலுக்குப் போற மாதிரி ஆச்சுன்னா?"

"அதை நான் பாத்துக்கறேன். இல்யானாகிட்ட வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். "ஏன் குடுத்த? என்னைக் கேக்காம ஏன்டி குடுத்த?" என்றார். ஸ்தாங்கா அக்கா எழுந்து வந்து முதுகில் கை வைத்தார். இருவரும் அழுதார்கள். நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

அந்த வாரம் முழுவதும் அக்கா தூங்கவில்லை என்று நினைக்கிறேன். விசாரணை அதிகாரியிடம் போகிற அன்று வேனில் என்னிடம் கேட்டார்: "நீ என்ன சொல்லப் போற?"

"நீங்க என்ன சொல்றீங்களோ அதையே சொல்றேன் அக்கா." உண்மையில், ஸ்தாங்கா அக்கா சரி சொன்னதாகவே அவர் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவர் உள்ளே போய் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஸ்தாங்கா எதையும் அனுமதிக்கவில்லை, விஷயமே அவருக்குத் தெரியாது, போகலாம் என்று சொன்னது நான், தளம் துருப்பிடித்தது என்று வெலிஸாருக்குத் தெரியும், இதோ கடிதம், இதோ அவன் பதில். எல்லாத் தாள்களின் நகலும் அவரிடம் இருந்தன. எனக்கும் வேறு வழி இருக்கவில்லை. நானும் அதையே சொன்னேன்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். "ஸ்தாங்கா மேல போட்டா வெலிஸார் தப்பிச்சுடுவான், மெத்தோதி. அவன்தானே குடுக்கணும். கம்பெனி குடுக்கட்டும். நான் செஞ்சதுக்கு என்னை என்ன வேணா பண்ணட்டும். கம்பெனி குடுத்துதான் ஆகணும்" என்றார்.

அவர் கணக்கு அதுதான். ஆனால் அந்தப் படத்துக்காகவே தொடங்கிய கம்பெனி அது. அதன் பெயரில் ஒரு மேஜை நாற்காலிகூட இல்லை. அக்கா வாக்குமூலம் கொடுத்து மூன்று வாரத்தில் அதைக் கலைத்துவிட்டார்கள். ஊரில் இருக்கிற சாக்கடை மூடி வரைக்கும் யாருடையது என்று அறிந்தவருக்கு, தான் வேலை செய்த கம்பெனி யாருடையது என்பது தெரியாமல் போயிற்று.

நாற்பதாம் நாள் கல்லறையில் கூடினோம். வழக்கப்படி எல்லோரும் வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி எடுத்து வந்து ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். அக்கா தன் கிண்ணத்தோடு கடைசியில் நின்றார். வரிசை முடிந்ததும் இல்யானாவின் முன்னால் போய் ஒரு கரண்டி எடுத்து நீட்டினார். "கடவுள் அவனை மன்னிச்சு ஏத்துக்கட்டும்" என்று எல்லோரும் சொல்வதைச் சொன்னார்.

இல்யானா கையை நீட்டவில்லை.

"ஸ்தாங்கா அக்கா சொல்றேன்னு சொன்னாங்க. அவங்களே என் வீட்டுக்கு வந்து, என் பொண்ணு தலையில கை வச்சுச் சொன்னாங்க. உங்களை யாரு கேட்டா? போங்கன்னு சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு, இன்னொரு வார்த்தை சொல்லத் தெரியலையா?"

"இல்யானா..."

"உங்க உண்மையை வீட்டுக்குக் கொண்டுபோய் நான் என்ன பண்றது? அடுப்புல வைக்கவா?"

கோதுமை கரண்டியிலிருந்து மண்ணில் கொட்டியது. அக்கா குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்க ஆரம்பித்தார். நான் போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினேன். எழுந்திருக்க மறுத்தார். கடைசி மணி வரைக்கும் பொறுக்கிவிட்டுத்தான் வந்தார். வியாரா தன் அம்மாவின் கோட்டுக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு இரண்டு வருடச் சிறை; ஆனால் உள்ளே போக வேண்டியதில்லை என்று நிறுத்திவைத்தார்கள். தண்டனை முடிகிற வரையில் அனுமதி வாங்கித் தருகிற வேலையைச் செய்யக் கூடாது என்றும் சொன்னார்கள். முடிந்த பிறகும் யாரும் கூப்பிடவில்லை. இப்போது சோஃபியாவிலிருந்து ஒரு நிறுவனம் கணினியிலேயே எல்லாம் முடித்துக் கொடுக்கிறது. வெலிஸார் வேறு பெயரில் வேறு கம்பெனி தொடங்கினான். நான் அவன் வேலைக்குப் போகவில்லை; பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறேன்.

ஸ்தாங்கா அக்கா உரிய நாளில் ஓய்வு பெற்றார். நகராட்சிக் கூடத்தில் விருந்து வைத்தார்கள். எனக்கு அழைப்பு வந்தது, தோப்ரின்கா அக்காவுக்கு வரவில்லை. நான் ஸ்தாங்கா அக்காவிடம் அதைக் கேட்டே விட்டேன்.

"அவ என்னைக் காப்பாத்தினான்னு ஊரே சொல்லுது" என்றார். "நான் காப்பாத்தச் சொன்னேனா? அந்தப் பொண்ணு முகத்துல என்னால முழிக்க முடியலை. வாக்குக் குடுத்துட்டு ஏமாத்தினவளா ஆயிட்டேன். வாழ்க்கையில ஒரு தடவை ஒரு நல்ல காரியம் செய்யலாம்னு கிளம்பினேன், மெத்தோதி. அதுக்கும் அவ கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா."

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

இல்யானா வழக்குப் போட்டாள். அவளுடைய வக்கீல் ஒரு சின்னப் பெண், கெட்டிக்காரி. கம்பெனி இல்லாவிட்டால் என்ன, ஆபத்து தெரிந்தும் ஆளை அனுப்பிய வெலிஸார் தன் சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டும் என்று வாதாட முடிவு செய்தாள். அதற்கு அவளுக்கு அக்காவின் தாள்கள் எல்லாம் வேண்டியிருந்தன. அந்தத் தாள்களை அக்கா தானே எடுத்துக்கொண்டு இல்யானாவின் குடியிருப்புக்குப் போனார். ஐந்தாவது மாடி, லிப்ட் கிடையாது. நான் கீழே வேனில் காத்திருந்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"வாங்கிக்கிட்டாளா?"

"வாங்கிக்கிட்டா."

"உள்ள கூப்பிட்டாளா?"

"கதவு திறந்த வழி கொஞ்சம் ஒடுக்கமா இருந்தது" என்றார். நான் வண்டியை எடுத்தேன்.

நீதிமன்றத்தில் மூன்று முறை சாட்சி சொன்னார். ஒவ்வொரு முறையும் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியைக் கேட்டார்: "போகலாம் என்று சொன்னது யார்?" ஒவ்வொரு முறையும் அக்கா எழுந்து நின்று, "நான்" என்றார். இல்யானா முதல் வரிசையில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு வர நாலு வருடம் ஆயிற்று. கேட்டதில் பாதிக்கும் குறைவு. அதையும் மாதா மாதம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் ஜெயித்தாள். அன்று மதியம் இல்யானா எனக்குப் போன் செய்தாள். அவள் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, தீர்ப்பு வந்துடுச்சு. அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"நீயே ஒரு வார்த்தை பேசலாமேம்மா. நம்பர் தரட்டுமா?"

"நம்பர் இருக்கு" என்றாள். "நீங்களே சொல்லிடுங்க."

அக்கா அப்போது மாவட்ட மருத்துவமனையில் வருகிறவர்களின் மேல்கோட்டுகளை வாங்கி வைத்து எண் போட்ட வில்லை கொடுக்கிற அறையில் வேலை பார்த்தார். குளிர்காலத்தில் மட்டும்தான் அந்த வேலை. நான் போனபோது கூட்டம் குறைந்திருந்தது. மர நாற்காலியில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். மிகவும் மெலிந்துவிட்டிருந்தார்.

சொன்னேன். ஊசியை நிறுத்தினார்.

"வெலிஸார் பேர்லயா? அவன் சொந்தப் பேர்ல?"

"ஆமா அக்கா. அந்தக் கடிதத்தையும் அவன் பதிலையும் வச்சுத்தான் தீர்ப்பே எழுதியிருக்காங்களாம்."

"அவ எப்படி இருக்கா?"

"குரல் நல்லாத்தான் இருந்தது."

வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்பார், என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"பொண்ணுக்கு இப்ப என்ன வயசு?" என்றார்.

"பதினொண்ணு முடிஞ்சுடுச்சு."

"பதினொண்ணு" என்று திருப்பிச் சொன்னார். பின்னலை எடுத்தார், மறுபடி மடியில் வைத்தார்.

ஒரு கிழவர் வந்து வில்லையை நீட்டினார். அக்கா எழுந்து போய் அவருடைய கோட்டைத் தேடி எடுத்து வந்தார். கிழவருக்கு இடது கை தூக்க வரவில்லை. அக்கா பலகையைத் தாண்டி வெளியே வந்து, கையைப் பிடித்துக் கோட்டின் கைக்குள் நுழைத்து, கழுத்துப் பொத்தான் வரைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். கிழவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அக்கா அவர் போன கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளி விடுகிற நேரமாகிவிட்டது. "வரேன் அக்கா" என்றேன். "பாத்துப் போ, ரோடு வழுக்கும்" என்றார்.